நாற்பத்தொன்றாம் புட்டியில் நட்சத்திர முள்

காலையில் குளியலறையைக் கழுவலாம் என்று பிளீச் புட்டியைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதுமே கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வயதானால் நடுக்கம் வரத்தானே செய்யும் என்பாள் என் மருமகள். இது வயதால் வந்ததல்ல என்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதிலேயே எனக்கு இது இருந்தது. கோலசிலாங்கூர் படகுத்துறைக்கு எதிரே அந்தக் கடைவீட்டு மாடியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி சரசு, உள்ள இருக்கிறது செத்துப்போன கடற்பஞ்சுடி, எந்திரிச்சு வந்து கடிக்கவா போவுது?" என்று நீ சிரித்த நாள்களிலேயே இருந்தது.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இல்லாதவளுக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் முந்தாநாள் உன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஈஜோக் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறாளே, அவளும் அவளோடு வேலை செய்யும் இரண்டு பேரும் சனிக்கிழமைக்குப் படகு பேசியிருக்கிறார்களாம். "அம்மா கண்டுபிடிச்ச ஸ்பாஞ்ச தேடப் போறோம், ஆண்ட்டி. நீங்களும் வாங்கலா. அது எந்தப் பாறைன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள். பார்க்கலாம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். 

அவள் தேடப் போகிற கடற்பஞ்சு அந்தப் பாறையில் இல்லை. எந்தப் பாறையிலும் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை நாற்பது வருடம் சொல்லாமலே ஓட்டிவிட்டேன். இப்போது சொல்கிறேன். கேட்டுச் சண்டை போட நீ இல்லை என்கிற தைரியத்தில்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள். என் தைரியமெல்லாம் அந்த மாதிரிதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நம் கரையோரத்தில் எத்தனை வகைக் கடற்பஞ்சு இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அவருக்கு உதவியாளர்களாக நாம் இரண்டு பேர். நான் புக்கிட் ரோத்தானை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். நீ அத்தா என்று கூப்பிடுகிற உன் அப்பாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு நடந்தே வந்துவிடுவாய். நீர் வற்றுகிற நேரம் பார்த்து படகோட்டி பாக் மானின் படகில் போய், பாறையிலும் படகுத்துறையின் மரக்கால்களிலும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கத்தியால் அறுத்துக் கொண்டுவருவது உன் வேலை. எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். அதனால் மாடி வேலை எனக்கு வந்தது.

கடற்பஞ்சைப் பார்த்த மாத்திரத்தில் வகை சொல்லிவிட முடியாது. ஒரே வகை ஓரிடத்தில் உருண்டையாக வளரும், இன்னோரிடத்தில் சப்பையாகப் படரும். ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய் எல்லாமே பழுப்பாகிவிடும். ஆனால் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள்கள் இருக்கின்றன. அந்த முள்ளின் வடிவத்தை வைத்துத்தான் இது இன்னது என்று பிரிப்பார்கள். நகத்தளவு துண்டைப் பிளீச்சில் போட்டால் சதை கரைந்து முள் மட்டும் புட்டியின் அடியில் தங்கும். நாலைந்து முறை கழுவி, சொட்டுக்குழாயால் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரு புட்டிக்கு ஒரு சொட்டுக்குழாய். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் விடக்கூடாது. டாக்டர் முதல் நாளே விரலை ஆட்டிச் சொன்னது அது ஒன்றைத்தான்.

அவர் லத்தீன் பெயர் வைக்கும்வரை எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான். உனக்கு அது பிடிக்கவில்லை. பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் நீயே பெயர் எழுதத் தொடங்கினாய். ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக இருந்தது லட்டு. ஊதா நிறத்தில் மொழுமொழுவென்று இருந்தது கத்தரி. தொட்டால் கை வெந்து இரண்டு நாள் அரிக்கிற சிவப்புக்கு மண்டோர் என்று பெயர் வைத்தாய், எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரைப் பற்றி நான் சொன்ன கதைகளைக் கேட்டுவிட்டு. டாக்டரே ஒருநாள் மறந்துபோய், "அந்த மண்டோரை எடுங்கம்மா" என்று கேட்டார். "பேரு தெரியாத வரைக்கும்தான்டி பயம். ஒரு பேர வச்சிட்டா அப்புறம் நம்ம வீட்டாளு" என்று நீ அடிக்கடி சொல்வாய். உனக்குச் சரி. நான் மண்டோரின் பெயர் தெரிந்தும் அவரைக் கண்டு நடுங்கியவள்.

இரண்டு பேருக்குமே அது தற்காலிக வேலைதான். வருடக் கடைசியில் ஒருவரை மட்டும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். யாரை என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். உனக்கு அந்த வேலை உயிர். அத்தா உன்னைக் கடையில் உட்கார வைக்கக் காத்திருந்தார். நீ கடலை விட்டு வரமாட்டேன் என்றாய். எனக்கு அது வேறு மாதிரி. எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாதவர்கள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டிவரும் என்று கணக்கெழுதுகிற கிராணி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் என்ன ஆகும் என்கிற எண்ணத்தோடுதான் நான் தினமும் அந்த மாடிப்படி ஏறுவேன்.

அந்தப் பயத்தில் கை நடுங்கி, ஒரே மாதத்தில் இரண்டு சொட்டுக்குழாய்களை உடைத்தேன். டாக்டர் திட்டவில்லை. "கை நடுங்குறவங்களுக்கு லேப் வேலை சரிப்பட்டு வராதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுவாரம் மூன்றாவதும் உடைந்தது. துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, மதியம் நீ சாப்பிடப் போன நேரத்தில் ஆற்றில் போட்டுவிட்டேன். அன்றைக்குக் கழுவ வேண்டிய புட்டிகள் எட்டு. மிச்சமிருந்த சொட்டுக்குழாய்கள் ஏழு.

நாற்பதாம் எண் லட்டு. நாற்பத்தொன்று நீ அன்று காலை கொண்டுவந்த ஊதாத் துண்டு. அங்சா தீவுக்கு அப்பால் உள்ள பாறையில், நீர் ஏறிவிட்டதால் அவசரத்தில் கிள்ளி வந்தது, அவரைக்கொட்டை அளவுகூட இல்லை. "மொத்தத்தையும் போட்டுரு. இன்னொரு நாள் பெருசா கொண்டாறேன்" என்று நீதான் சொன்னாய். முழுவதும் பிளீச்சுக்குள் போனது. நாற்பதில் விட்ட சொட்டுக்குழாயைத் தண்ணீரில் இரண்டு தரம் உறிஞ்சிக் கொட்டிவிட்டு, நாற்பத்தொன்றில் விட்டேன். இரண்டு தரம் கழுவினால் போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு நம் இருவரையும் கூப்பிட்டார். கத்தரி வகைக்கு இருக்க வேண்டியது நேரான ஊசி முள்கள் மட்டும்தான். இதில் ஊசிகளுக்கு நடுவே அங்கங்கே நட்சத்திர வடிவ முள்கள் கிடந்தன. "இந்தக் குடும்பத்துல நட்சத்திரமே கிடையாது. இது புதுசும்மா. இதுக்கு யாரும் பேரே வச்சிருக்க மாட்டாங்க" என்றார். அவர் குரல் நடுங்கியது. பாவம், சந்தோஷத்தில் நடுங்கியது. சேகரித்தவர் பெயரையே வைப்பது வழக்கம் என்றும் சொன்னார். நீ ஒரு தாளை எடுத்து உன் பெயரோடு லத்தீன் வால் ஒட்டி எழுதிப் பார்த்தாய். கடையில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் அத்தா காசு வாங்காமல் தே தாரிக் டீ ஊற்றிக் கொடுத்தார்.

லட்டின் முள்தான் நட்சத்திரம், சொட்டுக்குழாயில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நீ தகட்டைப் பார்க்கக் குனிந்தபோது உன் முதுகுக்குப் பின்னால் நின்று, வாயைத் திறந்தேன். 'டாக்டர், அது என் தப்பு.' நாலு வார்த்தை. நாலு வார்த்தை சொன்னால் உடைத்ததும் மறைத்ததும் ஆற்றில் போட்டதும் எல்லாம் வரிசையாக வெளியே வரும். லயத்து வாசலில் அம்மா நிற்பதுதான் கண்ணுக்குள் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தகட்டின் படத்தை வரைந்து டாக்டர் வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார். உள்ளங்கை அளவில் முழுசாக இன்னொன்று வேண்டும், அதே பாறையிலிருந்து வேண்டும், இல்லாவிட்டால் பெயர் வைக்க முடியாது என்று பதில் வந்தது. நீ போனாய். பெரிதாகவே அறுத்து வந்தாய். ஊசி முள் மட்டும்தான் இருந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "பாறையை மாத்தி எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், என் கண்ணு பொய் சொல்லாது" என்றாய். உன் குரலில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம் இருந்தது. நான் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை என்னையும் கூப்பிட்டாய். "ரெண்டு கண்ணு பாத்தா நல்லது, வாடி. இந்தத் தடவ கிடைக்கலேன்னா எனக்கு அந்த வேலை இல்லலா, எனக்கே தெரியுது" என்றாய். மறுக்க எனக்கு முகமில்லை. அமாவாசைக்கு அடுத்த நாள், விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு படகின் ஓரத்தைப் பிடித்திருந்தேன். நீ பாறையில் குதித்து, முழங்காலிட்டு, கையால் தடவித் தடவித் தேடினாய். ஒவ்வொரு ஊதாவையும் முகர்ந்து பார்த்தாய். அவ்வளவு நேரம் நீ ஒரே இடத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

மேற்கே வானம் கறுத்ததை முதலில் பாக் மான்தான் கவனித்தார். சுமத்திரா காற்று. வந்தால் சொல்லிக்கொண்டு வராது. அவர் உன்னை ஏறச் சொல்லிக் கத்துவதற்குள் மழை விழுந்துவிட்டது. அலை எழும்பி, படகைப் பாறையில் மோதப் பார்த்தது. அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உனக்கும் எங்களுக்கும் நடுவே இருபத்தைந்து அடிக்குத் தண்ணீர். உன் முழங்காலில் இருந்த நீர் கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு வந்தது. பாக் மான் கயிற்றை வீசினார். நீ ஒரு கையால் பிடித்தாய். இன்னொரு கையில் புட்டி.

"பூவாங்! பூவாங் போத்தோல்!" என்று அவர் அலறினார். புட்டியைப் போட்டுவிடு என்று. நீ தலையை ஆட்டினாய். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாய். அலை உன்னைத் தூக்கிப் பாறைச் சிப்பிகளின் மேல் அடித்தது. உன் முன்கை தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது எனக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தால் ஒரே இழுப்பில் வந்திருப்பாய்.

அப்போது நான் கத்தியிருக்க வேண்டும். அதில் ஒன்றுமே இல்லடி, அது என் தப்புடி, போட்டுட்டு வாடி என்று கத்தியிருக்க வேண்டும். காற்றிலும் உனக்குக் கேட்டிருக்கும். கத்தவில்லை. நீ சாகப் போகிறாய் என்று நினைத்தேன், நினைத்தும் கத்தவில்லை. மாரியாத்தா, இவளை உயிரோடு கொண்டுவந்து சேர்த்துவிடு, இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கடலைக் கண்டு பயந்தேன் என்று நீ கடைசிவரை நினைத்தாய். கடல் எனக்கு அப்போது இரண்டாம் பட்சமாகிவிட்டிருந்தது.

மாரியாத்தா தன் பங்கைச் செய்தாள். அடுத்த அலை உன்னைப் படகோரம் தள்ள, பாக் மான் உன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். பல் கிடுகிடுக்க நீ படகின் அடியில் கிடந்தாய். கண்ணைத் திறந்ததும் புட்டியை என் கையில் வைத்தாய். "இதான்டி சரசு. இந்தத் தடவ நிச்சயம்" என்றாய். நான் உன் கையில் துணியைச் சுற்றிக் கட்டினேன். என் பங்கைச் செய்யவில்லை.

அதிலும் ஊசி முள்தான். ஒரு புட்டிக்கு ஒரு சொட்டுக்குழாய் வைத்து, எட்டுத் தகடு போட்டேன். அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் வேலை செய்ததில்லை. டாக்டர் எட்டையும் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு நேராக, 'சேகரித்த இடம் நம்பத்தக்கதல்ல' என்று எழுதினார். உன்னைக் குத்திக் காட்டவில்லை. "கவனம் கொஞ்சம் பத்தலம்மா" என்று மட்டும் சொன்னார். நீ கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா டாக்டர்" என்றாய். எதற்கும் ஆமா போடாதவள் அன்றைக்குப் போட்டாய்.

நிரந்தர வேலை எனக்கு வந்தது. நீ கடையிலிருந்து அல்வா கொண்டுவந்து என் வாயில் ஊட்டினாய். "நீ சுத்தமா வேலை செய்யறவ. உனக்குக் கிடைச்சதுதான்டி நியாயம்" என்றாய். நான் மென்று விழுங்கினேன். அந்த வேலையில்தான் அம்மாவை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், ஓய்வும் பெற்றேன். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்தது.

நீ அத்தாவின் கடையில் உட்கார்ந்தாய். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். பெருநாளுக்கு நானும் தீபாவளிக்கு நீயும் தவறாமல் வந்து போனோம். ஒவ்வொரு தடவையும் உன் வீட்டுப் படியில் கால் வைக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிரியாணி வாசனை வரும், உன் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள், எப்படிச் சொல்வது? முதல் வருடம் சொல்லியிருந்தால் அது ஒரு தப்பு. பத்து வருடம் கழித்துச் சொன்னால் அது துரோகம். நாள் ஆக ஆகச் சொல்வதற்கான பயம் கூடிக்கொண்டே போனது. குறையும் என்று காத்திருந்தது என் மடத்தனம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உனக்குப் பேச்சு குறைந்திருந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கத்தரி இன்னும் அங்கதான் இருக்கும், இல்ல?" என்று கேட்டாய். இருக்கும்டி என்றேன். நீ கண்ணை மூடிச் சிரித்தாய். சாகப் போகிறவளிடம்கூட எனக்கு உண்மை வரவில்லை. உனக்காகத்தான் பொய் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை.

இன்று மத்தியானம் உன் மகளை அழைத்தேன். சனிக்கிழமை அவளும் அந்தப் பாறையில் குதித்து ஒரு புட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள் என்று நினைத்தபின் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்து பேச முடியாது என்று நின்றுகொண்டே பேசினேன். உடைந்த சொட்டுக்குழாயிலிருந்து அல்வா வரை எல்லாவற்றையும் சொன்னேன்.   

"அம்மாவுக்குத் தெரியுமா, ஆண்ட்டி?"

"தெரியாதும்மா."

"கடைசி வரைக்கும் சொல்லலையா?"

"சொல்லல."

 பிறகு அவள் அழாத குரலில் சொன்னாள். "அம்மா கார் ஓட்டக் கத்துக்கவே இல்ல, தெரியுமா ஆண்ட்டி? எனக்குக் கவனம் பத்தாதும்மா, யாரையாவது இடிச்சிருவேன்னு சொல்வாங்க. எனக்கு மருந்து குடுக்கிறப்போகூட எங்க அத்தாவக் கூப்பிட்டு, நான் எடுத்தது சரியான பாட்டிலான்னு பாருங்கன்னு கேப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து நான் நெனச்சிருக்கேன், அம்மா ஏன் இப்படி எல்லாத்துக்கும் பயப்படுறாங்கன்னு." அதோடு வைத்துவிட்டாள். திரும்ப அழைக்கவில்லை. அழைக்காமலே போகலாம்.

நீ பயப்படுவாய் என்று எனக்குத் தெரியாது. நாற்பது வருடம் உன் வீட்டுக்கு வந்து போனேன், என் பயத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் உன்னுடையதை ஒருநாளும் பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்தும் கோணிக்கொண்டு போகிறது. ஆனாலும் இதை எழுதிவிடுகிறேன். பாறை மாறவில்லை. உன் கண் பிசகவில்லை. மூன்று முறையும் நீ சரியானதைத்தான் கொண்டுவந்தாய்.